வயிறு நிறைந்த பறவை

கறுத்த திரையின் இடது மூலையில் அது வந்து உட்காரும். வெள்ளை வயிறு, மஞ்சள் அலகு, பரப்பிய கால்கள். ஒரு குட்டிப் பென்குவின். தொண்ணூறுகளின் கடைசியில், ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில், லினக்ஸ் என்ற சிஸ்டம் கம்ப்யூட்டரில் கண்விழிக்கும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறினேனோ என்று இப்போது தோன்றுகிறது. ஜன்னலில்லாத கம்ப்யூட்டர் அறை அது. பஞ்சுத் தூசி புகாதபடி எல்லாப் பக்கமும் அடைத்திருந்தார்கள், எங்களையும் சேர்த்து.

எங்களை என்றால், என்னையும் சிஸ்டம் சாரையும். பட்டாளத்தில் வயர்லெஸ் பார்த்துவிட்டு வந்தவர் சார். மில்லின் கம்ப்யூட்டர்கள் அவர் கைக்கு மட்டுமே அடங்கும்.

“என்னய்யா இது, வாத்தா?” என்றார் ஒருநாள் முதலாளி.

பென்குவின் என்றார் சார். இந்த சிஸ்டத்தை எழுதியவரை மிருகக்காட்சி சாலையில் ஒரு பென்குவின் கொத்தியதாம். அதற்குப் பிறகும் அதன்மேல்தான் பிரியமாம். சின்னமாகக் கழுகு வைக்கலாம், சுறா வைக்கலாம் என்று பலர் சொல்லியும், வயிறு முட்ட மீன் தின்றுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் பென்குவின்தான் வேண்டும் என்றாராம்.

“தின்னுட்டு ஒக்காந்திருக்கதுக்கா நான் ஏசி போட்டுக் குடுத்தேன்?” முதலாளி சிரித்தார். சாரும் சிரித்தார். அந்த மாதம்தான் சாருக்கு மில் குவார்ட்டர்ஸில் பெரிய வீடு கிடைத்தது.

சிங்கப்பூரிலிருந்து சாருக்கு வேலை வந்தது அதன் பிறகு. ராத்திரியெல்லாம் கனவு காணத்தக்க வேலை. சம்மதம் சொல்லக் கடைசி நாள், ஆயுத பூசையன்று சாயங்காலம்.

அன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. பூசையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது. மெயில் அனுப்ப வழியில்லை. ஆனால் மில் கேட்டுக்கு எதிரே போன் பூத் திறந்துதான் இருந்தது.

“சார், பூத்ல போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருங்க.”

“போறேம்மா. செத்த நேரம் கழியட்டும்.”

பொரி வந்தது, சுண்டல் வந்தது. முதலாளி தம் கையாலேயே இன்னொரு தட்டு நீட்டினார். “நீரு இல்லாம இந்தப் பெட்டி யாரு சொன்னா கேக்கும்?” சார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெயில் சாய்ந்தது. மறுபடி கேட்டேன். “நல்ல நாளும் அதுவுமா எதுக்கும்மா,” என்றார், தட்டைப் பார்த்தபடி.

மனநிறைவின் சின்னம் என்றே இன்றும் அந்தப் பறவையைச் சொல்கிறார்கள். என் கைபேசிக்குள்ளும் ஓடுகிறது அந்த சிஸ்டம். அது எட்டாத தேசமில்லை. சார் கடைசிவரை ராஜபாளையத்தைத் தாண்டவில்லை. யாரும் அவரைக் கட்டிப்போடவுமில்லை. ஊட்டினார்கள், அவ்வளவுதான்.

அன்று இருட்டியதும் பூத்காரர் ஷட்டரை இழுத்துவிட்டார். அந்தச் சத்தம் கேட்டதும் சார் எழுந்து கை கழுவினார்.

“கெளம்பு தாயி, ஒனக்கு பஸ்ஸு போயிரும்.”

பேசிக்கொண்டே கேட் வரைக்கும் கூட வந்தார். நான் வெளியே போனேன். அவர் உள்ளேயே நின்றுகொண்டார்.