மச்சானோடு வந்த கடுவன்

எங்கள் வீட்டு அரிசி மூட்டையில் கடுவன் பூனை மூத்திர நாற்றம் ஏறியது, எனக்கு மூத்தவளான ராத்தாவின் கலியாணம் முடிந்த மூன்றாம் நாள். முகர்ந்தவர்களுக்குத்தான் அந்த நாற்றம் தெரியும். மூக்கில் ஏறினால் இறங்காது, தொண்டை வரைக்கும் வந்து குந்தியிருக்கும். உம்மா மூட்டையைப் பிரித்து, மேலே கிடந்த இரண்டு சுண்டு அரிசியைக் கோழிகளுக்கு வீசிவிட்டு மிச்சத்தை முற்றத்து வெயிலில் பரப்பினார். வேறு யாருடைய பூனையாவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கு எங்கள் தெருவே உம்மாவின் வாயைக் கேட்டிருக்கும். ஆனால் அது மருமகனுடைய பூனை. உம்மா வாயைத் திறக்கவில்லை.

காத்தான்குடியில் கலியாணம் முடிந்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஏறாவூரிலிருந்து வந்த எங்கள் மச்சான் இரண்டு சூட்கேசும், துணியில் சுற்றிய பெரிய வெட்டுக் கத்தரிக்கோலும், வாய் கட்டிய ஒரு பிரம்புக் கூடையும் கொண்டு வந்தார். கூடைக்குள் பலகாரம் என்று நினைத்து நான்தான் முந்திக்கொண்டு அவிழ்த்தேன். ஒரு காது கிழிந்த செம்பட்டைக் கடுவன் ஒன்று வெளியே வந்து, எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டு, வீடு அளக்க வந்த ஆளைப் போல அறை அறையாக நடந்து போனது. பெயர் மஸ்தான். மச்சான் பிறந்து வளர்ந்த வீடு அந்த வருடந்தான் அவருடைய தங்கைக்குச் சீதனமாகப் போயிருந்தது. தங்கை மாப்பிள்ளைக்குப் பூனை மயிர் பட்டாலே மூச்சு முட்டுமாம். ஆகவே ஆளுக்கும் அங்கே இடமில்லை, பூனைக்கும் இடமில்லை.

மச்சானைப் போல ஒரு அமைதியான மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. தையற்கடையொன்றில் துணி வெட்டுகிறவர். வைத்ததைச் சாப்பிடுவார், இன்னொரு அகப்பை கறி கேட்கமாட்டார், கதவைச் சாத்தினால் சத்தம் வராது. மனைவி வீட்டில் இருக்கிற ஆண் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பார்கள். அவர் போடாத சண்டையை எல்லாம் சேர்த்து மஸ்தான் போட்டது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சாச்சியின் வீடு, அதாவது உம்மாவின் தங்கை வீடு. நடுவில் மதில், மதிலில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு "கடப்பு". அந்த மதில் அதுவரை சாச்சியின் வெள்ளையனுக்குச் சொந்தமாயிருந்தது. வெள்ளையன் கொழுத்த கடுவன். மணலை மீன் வெட்டும் நேரம் அறிந்து வரும், வேறு வேலை தெரியாது. மஸ்தான் முதல் கிழமையிலேயே அதை மதிலின் மேல் மறித்தது. இரண்டும் மூக்குக்கு மூக்கு நின்று, அடிவயிற்றிலிருந்து பிள்ளை அழுவது மாதிரி ஓலமிட்டன. காதுகள் மண்டையோடு ஒட்டிப்போய், எச்சில் நூலாக வடிந்தது. பிறகு ஓலம் நின்றது. கடுவன்கள் கத்தும்போது பயப்படத் தேவையில்லை, கத்தல் நிற்கும்போதுதான் பயப்பட வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். ஒரு பந்தாக உருண்டு குசினித் தகரத்தில் விழுந்து, பின்னங்கால்களால் ஒன்றின் வயிற்றை மற்றது உழுது, மயிர் கொத்துக் கொத்தாகப் பறந்தது. வெள்ளையன் ஓடிய வழியெல்லாம் இரத்தப் பொட்டு.

எனக்குப் பத்து வயது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை இப்போது ஒளிக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் நாடகக் கதை சொல்ல, நான் மஸ்தானின் கதை சொன்னேன். அது தெருவில் உள்ள கடுவன்களை ஒவ்வொன்றாக அடித்து, தேங்காய்க் கடைச் சாம்பலனின் வாலை நுனியோடு கடித்தெடுத்த நாளில், கடித்தது நான்தான் என்பது போல நடந்தேன்.

அதை மேய்க்கும் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது. மச்சான் கடைக்குப் போன பிறகு, ஒரு கையில் முற்றம் கூட்டுகிற "தும்புத்தடி", பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் என்று நான் காவல் இருக்க வேண்டும். சண்டை மூண்டால் தண்ணீரை ஊற்ற வேண்டும். கையை மட்டும் நடுவில் விடக்கூடாது என்று மச்சான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். கட்டிப்போட்டால் என்ன என்று கேட்டேன். பூனையைக் கட்டிப் பட்டினி போட்ட பெண் நரகத்துக்குப் போனதை ஓதப் போகும் இடத்தில் படிக்கவில்லையா என்று வாப்பா என்னைத்தான் ஏசினார். பின்னேரம் மச்சான் வந்து, அதைத் துவாயில் சுற்றி மடியில் வைத்து, சீழ் கட்டிய காயத்தைப் பிதுக்கி உப்புத் தண்ணீரால் கழுவுவார். அந்த வீட்டில் அவர் வாய் நிறையப் பேசியது அந்தப் பூனையோடு மட்டும்தான்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசமாட்டார்கள். மருமகன் வரும் சத்தம் கேட்டால் உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார். கறிக்கு உப்புக் காணுமா, மழைக்கு முன் ஓட்டை மாற்ற வேண்டுமா, எல்லாம் என் வாயால்தான் போகும், என் வாயால்தான் வரும். போகும் வழியில் நான் கொஞ்சம் கூட்டிக் குறைப்பேன். "நல்லாயிருக்கு" என்று அவர் சொன்னால் "இப்படி ஒரு கறி தின்னவேயில்லையாம்" என்று சொல்வேன். உம்மாவின் முகம் மலரும். அதில் எனக்கு ஒரு பெருமை.

மாசி மாதம் சாச்சியின் பெட்டைப் பூனை அலுமாரிக்கடியில் நாலு குட்டி போட்டது. நான் பள்ளிக்கூடத்தால் வந்து வாளியை எடுக்குமுன் மஸ்தான் கடப்பால் போய்விட்டது. சாச்சி ஒரு சுளகோடு எங்கள் குசினி வாசலுக்கு வந்தார். சுளகில் மூன்று குட்டிகள். ஒன்றுக்குத் தலை இல்லை, மற்ற இரண்டுக்கும் கழுத்து நூல் போலத் தொங்கியது. சாச்சி சுளகை உம்மாவின் காலடியில் வைத்தார். "ராத்தா, உங்கட மருமகன் எண்டபடியால வாய மூடிக்கிட்டிருக்கன்," என்றார். "இதுக்குப் பிறகு அது என்ட வளவுக்க வந்தா, உசிரோட திரும்பாது." நாலாவது குட்டியை இடுப்பில் செருகியிருந்தார், அது கத்திக்கொண்டே இருந்தது.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று வாப்பா முணுமுணுத்தார். மணியை மருமகனுக்கல்லவா கட்ட வேண்டியிருந்தது. ராத்தா புதுப்பெண், புருஷனின் முகம் சுருங்குவதைப் பார்க்க அவளுக்கு மனமில்லை. கடைசியில் உம்மா என்னைக் கூப்பிட்டார். "மச்சானுக்கிட்ட சொல்லு புள்ள. கோவிக்க வேணாமாம். இந்தப் பூனைய வேறெங்கயாச்சும் கொண்டு விடட்டுமாம். கூடப் பிறந்தவளோட முகம் முறிக்க எனக்கு ஏலாது."

நான் மச்சானின் அறை வரைக்கும் போனேன். அவர் மஸ்தானின் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். என்ன மச்சி என்று கேட்டார், மனைவியின் தங்கை என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். தேத்தண்ணி வேணுமா என்று உம்மா கேட்கச் சொன்னதாகச் சொன்னேன். திரும்பி வந்து, வெள்ளிக்கிழமை காலையில் கொண்டு போகிறாராம் என்று உம்மாவிடம் சொன்னேன். கொண்டுபோய் விட அவருக்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்காக மட்டும் நான் பொய் சொல்லவில்லை. மஸ்தான் போய்விட்டால் எனக்குக் கதை இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. விடிந்ததும் பிரம்புக் கூடையைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். பூனை போய்விட்டதா என்று உம்மா கேட்டார், போய்விட்டது என்றேன். புதுத் தம்பதியின் அறைக்குள் உம்மா கால் வைப்பதில்லை, மஸ்தான் அங்கேதான் தூங்கியது. உம்மா கடப்படிக்குப் போய்த் தங்கையிடம் சொன்னார். குட்டிகள் செத்ததிலிருந்து ஐந்து நாளாக அறைக்குள் பூட்டி வைத்திருந்த வெள்ளையனைச் சாச்சி திறந்துவிட்டார்.

ஜும்மா முடிந்து மச்சான் வெள்ளைச் சட்டையோடு வந்து சாப்பிட்டு எழும்பியபோது, வெள்ளையன் எங்கள் முற்றத்தில் மீன் செதிலுக்காக நின்றது. மஸ்தான் யன்னலால் பாய்ந்தது. இந்த முறை ஓலம்கூட இல்லை. நான் வாளியை எடுக்க ஓடினேன், வாளி காலி. வெள்ளையனின் ஒரு கண் உடைந்து கன்னத்தில் வழிந்தது. மஸ்தான் அதன் தொண்டையைப் பிடித்து உலுக்க, சாச்சி உலக்கையோடு கடப்பால் வந்தார். எனக்குச் சொன்னதையே மறந்து மச்சான் இரண்டு கையையும் நடுவில் விட்டார். மஸ்தான் அவருடைய வலக்கைப் பெருவிரலின் அடியைக் கடித்தது, விடவில்லை. உலக்கை உயர்ந்தது.

"மகன், கைய எடுங்க."

அது உம்மாவின் குரல். மருமகனோடு உம்மா பேசிய முதல் வார்த்தை அது. கையை எடுக்க முடியவில்லை, உலக்கை இறங்கிவிட்டது. பூனையின் தலை அவர் கையோடு சேர்ந்து சீமெந்தில் நசுங்கியது. செத்த பிறகும் பல் கழலவில்லை. முக்காடு தோளில் கிடக்க உம்மா முற்றத்தில் குந்தி, மீன் வெட்டும் கத்தியின் பிடியை அதன் வாய்க்குள் கொடுத்து நெம்பினார். "உதறாதீங்க மகன், சதை கிழிஞ்சிரும்," என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். சாச்சி உலக்கையைப் போட்டுவிட்டு, பூனைக்குத்தான் ஓங்கினேன், பூனைக்குத்தான் என்று நெஞ்சில் அடித்து அழுதார். மச்சான் கையைப் பார்க்கவில்லை. பூனையைச் சுற்ற ஒரு பழைய சாரன் கேட்டார்.

வெள்ளையன் மறுநாள் செத்தது. மச்சானுக்கு ஆசுபத்திரியில் ஊசி மேல் ஊசி போட்டார்கள். கை முழங்கை வரை வீங்கி, சீழ் வைத்து, இரண்டு முறை கீறினார்கள். கை தப்பியது, பெருவிரல் மடங்கவில்லை. கத்தரிக்கோலை அவர் பிறகு பிடிக்கவேயில்லை. சொன்னபடி வெள்ளிக்கிழமை ஏன் கொண்டு போகவில்லை என்று உம்மா அவரிடம் கேட்கப் போகிறார் என்று நான் ஒவ்வொரு நாளும் பயந்திருந்தேன். உம்மா கேட்கவில்லை. நொந்த மனிதரை இன்னும் நோகடிக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். என் பொய் அப்படியே அவர் மேல் பழியாக நின்றது.

இன்று அந்தக் கடப்பு இல்லை. சாச்சியின் மகன் மதிலை உயர்த்தி மாடி கட்டிவிட்டார். மாமி மருமகன் வெட்கமும் இல்லை. என் கணவர் நிக்காஹ்வுக்கு முன்பே உம்மாவோடு வீடியோவில் பேசியவர். தூது போக எந்தப் பிள்ளையையும் யாரும் கூப்பிடுவதில்லை. தெருப் பூனைகளுக்கு இப்போது ஒபரேசன் செய்துவிடுகிறார்கள், அவை வெயிலில் படுத்துக் கிடக்கின்றன. மச்சான் புடவைக் கடையொன்றில் விற்பனைக்கு நிற்கிறார். துணியை அளப்பார், வெட்டுவது வேறு ஆள்.

போன மாதம் என் மகளைப் பார்க்க வந்தபோது, பால் போத்தலின் மூடியைத் திருக முடியாமல் அவர் இடக்கைக்கு மாற்றினார். இருபது வருடம் வாய்க்குள் வைத்திருந்ததை அப்போது சொல்லிவிட்டேன்: உம்மா அனுப்பிய சொல்லை நான் கொண்டுவந்து தரவில்லை, உங்கள் பெயரில் பொய் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் மச்சி," என்றார். "உங்கட உம்மாட குரல் தெருவுக்கே கேக்கும். அறைக்குள்ள இருந்த எனக்குக் கேக்காதா?"

கேட்டிருந்தால் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்டேன். மகள் பாலுக்கு அழுதாள். அவர் போத்தலை அவள் வாயில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ வந்து சொல்லியிருந்தா கொண்டு போயிருப்பன். நீ சொல்லாம இருக்கோணும் எண்டு அஞ்சு நாளும் அல்லாட்ட துஆக் கேட்டன்."