வைக்கோல் அடைத்த அணை

இதை எழுத எனக்குப் பல வருஷத் தயக்கம். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் இந்த வயல் வட்டையில்தான் வேளாண்மை செய்கிறார்கள். முகம் பார்க்க வேண்டும். நான் படித்ததும் நாலாம் வகுப்போடு சரி. ஆனால் போன மாரியில் கோயிலடியில் ஒருவர், "பிள்ளையார் கோபிச்சுத்தான் அண்டைக்கு அணைய உடைச்சவர்" என்று கதை சொல்லக் கேட்டேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பழியைப் பிள்ளையார்மேல் நானே போட்ட மாதிரி.

பெரிய யுத்தம் வருவதற்கு முன் நடந்தது. கொக்கட்டிச்சோலைக்கு அங்கால எங்கள் வட்டைக்குத் தண்ணீர் தருகிற குளத்துக்கு ஒரு மண் அணை. மாரியில் அதைக் காப்பது வயல்காரர் எல்லாருடைய வேலை, அணையில் ஆளுக்கு ஒரு பங்கு. மேலே வட்டவிதானை ஒருவர். தண்ணீருக்கும் அணைக்கும் அவர் சொல்தான் சட்டம். அணைத் தலைப்பில் ஒரு சின்னப் பிள்ளையார். அவருக்கு விளக்கு வைப்பதையும் கற்பூரத்துக்குப் பொறுப்பாக இருப்பதையும் என் பங்காக விட்டிருந்தார்கள்.

அணையில் நண்டு வளை தோண்டும், அதனூடே தண்ணீர் கசியும். வளையை வெட்டித் திறந்து களிமண் போட்டு மிதித்தால் தீர்ந்தது. ஆனால் அது தனி ஆள் செய்கிற வேலை இல்லை, நாலு பேரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் விதானையார் கேட்கும் முதல் கேள்வி, "ஆர்ர பங்கு?" பிறகு அந்த மனிசனைப் பிள்ளையாருக்கு முன்னால் நிறுத்தி, தான் கவலையீனமாக இருக்கவில்லை என்று கற்பூரம் நூர்த்துச் சத்தியம் பண்ண வைப்பார். எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துப் பொய் சொன்னால் குடும்பம் அழியும் என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான்.

என் தங்கையின் புருஷனை ஒரு மாரியில் இப்படி நிறுத்தினார்கள். உண்மையைத்தான் சொன்னான். பங்குனியில் அவன் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. கற்பூரம் சும்மா விடுமா என்று அவன் காதுபடவே கதைத்தார்கள். அடுத்த மாரியில் தன் பங்கில் வளை கண்டபோது மச்சான் ஒருவரையும் கூப்பிடவில்லை. வைக்கோலைத் திரித்து உள்ளே அடைத்து, மேலே சேறு பூசிவிட்டான். வெளியே பார்க்க அணை அழகாகத்தான் இருந்தது. உள்ளே வைக்கோல் அழுகியது. அடைமழையில் அந்த இடத்தால் உடைந்து, கதிர் தள்ளப் பார்த்த பயிரெல்லாம் மண்ணுக்குள் போனது.

வயலில் வெள்ளம் வடிய முதலே விதானையார் எல்லாரையும் பிள்ளையாரடிக்குக் கூப்பிட்டார். எப்படி உடைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மச்சான் தானாகவே முன்னுக்கு வந்தான்.

"நான்தான் வைக்கோல் அடைச்சன். சொல்லியிருந்தா இன்னொருக்காக் கற்பூரத்துக்கு முன்னால நிப்பாட்டியிருப்பீங்க. எனக்கு இன்னும் ரெண்டு புள்ள இரிக்கு."

விதானையார் அவனை வட்டையை விட்டே போகச் சொன்னார். மற்றவர்கள் தங்கள் பங்கு சுத்தம் என்று சத்தியம் பண்ணட்டும் என்று கற்பூரத்துக்கு என் பக்கம் கை நீட்டினார். ஆட்களைப் பார்த்தேன். ஒருவரும் தலை நிமிரவில்லை. பொய்ச் சத்தியம் பண்ணப் போகிறார்கள் என்று அப்போதே விளங்கிவிட்டது. கற்பூரத்தை மடியில் முடிந்துகொண்டேன்.

"தரமாட்டன், விதானையார்."

"என்ன கா, மச்சானுக்காகப் பேச வந்திட்டியோ? நம்மட விளக்குக்காரன் இப்ப வழக்குப் பேசுற கோட்டுப் பிறக்கிராசி ஆயிட்டான்."

சிலர் சிரித்தார்கள்.

"பிள்ளையாரை நீங்க பொலிசாக்கினது போதும். மண்வெட்டிய எடுங்க, வெட்டிப் பாப்பம்."

ஒருவரும் அசையவில்லை. குளம் வெறுமையாகக் கிடந்ததால் அணையை வெட்டப் பயமில்லை; நானே இறங்கி வெட்டினேன். அடுத்த பங்கில் வைக்கோல். அதற்கடுத்ததிலும். கறுத்து நாறி, பிடித்தால் கையோடு வந்தது. விதானையாரின் சொந்தப் பங்கில் அவருடைய ஆட்கள் குறுக்கே நின்றார்கள். தள்ளிவிட்டு வெட்டினேன். அங்கேயும்தான். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னதை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"எங்கட பங்கு உடையல்லியே."

மச்சான் என் தங்கையையும் பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சித்தாண்டிப் பக்கம் போய்விட்டான். தடுத்துப் பார்த்தேன். இந்த முகங்களோடு சேர்ந்து இனி மண் மிதிக்க ஏலாது என்றான். அவனைப் போகச் சொன்னது பிழை என்று ஒருவரும் ஆள் அனுப்பவில்லை.

அடுத்த மாரியில் வளை கண்ட ஒருவர் என்னிடம் வந்து, கற்பூரம் இல்லைத்தானே என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு பச்சைக் குழையை நட்டுவிட்டு ஆட்களைக் கூப்பிடப் போனார். இன்றைக்கும் குழையைக் கண்டால் எல்லாரும் மண்வெட்டியோடு வருகிறார்கள். ஆருடைய பங்கு என்று கேட்கிறதில்லை. அந்த ஒழுங்கை விதானையார் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பிள்ளையாரை இதற்குள் இழுப்பதைத்தான் விடமாட்டேன். அவர் அணையை உடைக்கவுமில்லை, என் தங்கையின் குழந்தையைக் கொல்லவுமில்லை.

இதை வாசித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்கிறவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அற்புதம் ஒன்றும் சேர்க்க வேண்டாம். மச்சானைக் குற்றமில்லாதவன் ஆக்கவும் வேண்டாம். அவன் அடைத்தது வைக்கோல்தான். விதானையாரின் பங்கிலும் வைக்கோல்தான் இருந்தது. அந்த இடம் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திவிடாதீர்கள்.