ஸாஜித்தின் துளிமருந்து

கிண்ணியாச் சந்தைப் பக்கம் போன் திருத்தும் ஸாஜித்துக்கு ஒரு உபதொழில் இருந்தது: சத்து மாத்திரை விற்பது. வீடு வீடாகப் போய்க் கதிரையில் அமர்ந்து, ஒரு அப்பிளை வெட்டி வைத்து, அது பழுப்பாகும்வரை கதைப்பான்.

"பாத்தீங்களா, ஒட்சிசன் பட்டா இரும்பு மட்டுமில்ல, நாமளும் கறள் பிடிப்பம். அதத் தடுக்கத்தான் இந்த அன்டிஒக்சிடன்ட்."

பாதிப் பேர் நம்பி வாங்கினார்கள். மீதிப் பேர் அவன் எழும்பிப் போனால் போதும் என்று வாங்கினார்கள்.

மனைவி றிஷானாவுக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. திருகோணமலை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு கிடந்தது. குழாயில் என்ன போகிறது என்று தாதி லக்சாயினியிடம் கேட்டான்.

"ஒட்சிசன்," என்றாள்.

ஊரெல்லாம் ஸாஜித் காட்டிய பூச்சாண்டி அவன் பிள்ளையின் மூக்கிலேயே ஏறியிருந்தது. தன் பேச்சை முழுதாக நம்பிய ஒரே ஆள் தான்தான் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

மறுநாள் சேர்ட் பொக்கற்றில் தான் விற்கும் அன்டிஒக்சிடன்ட் துளிமருந்துப் போத்தல் ஒன்றோடு வைத்தியர் பஹ்மியாவின் முன்னால் போய் நின்றான்.

"டொக்டர், ஒட்சிசன் கூடினா பிள்ளைட கண்ணு பழுதாகுமாமே?"

"ஓம். கண்ணையும் சுவாசப்பையையும் பாதிக்கும். குறைஞ்சா உயிருக்கே ஆபத்து. அதாலதான் காலில வயர் கட்டி, இரத்தத்தில எவ்வளவு எண்டு பாத்துப் பாத்துக் குடுக்கிறம்."

"அப்ப இதிலயும் ரெண்டு சொட்டுக் குடுப்பமா?"

வைத்தியர் சிரிக்கவில்லை. "இதெல்லாம் ஆராய்ச்சி செஞ்சு பாத்திருக்காங்க. விற்றமின் ஈ கூடுதலாக் குடுத்தப்ப சில பிள்ளைகளுக்குக் கண் பாதிப்புக் குறைஞ்சது, ஆனா கிருமித் தொற்றுக் கூடிப்போச்சு. அதால நாங்க குடுக்கிறல்ல. சரி, உங்கட போத்தலுக்குள்ள என்ன இருக்கு?"

ஸாஜித் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லக்சாயினி வாங்கி வாசித்தாள்.

"சீனி, தோடம்பழ வாசம், நிறம், கொஞ்சம் விற்றமின் சி. சின்னப் பிள்ளைகளுக்குக் குடுக்க வேண்டாமெண்டும் போட்டிருக்கு."

இத்தனை காலமும் அப்பிளை வெட்டத் தெரிந்தவனுக்குப் போத்தலை வாசிக்கத் தோன்றவில்லை. "நானெல்லாம் ஒரு ஆள்!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

"அப்ப நான் ஒண்டும் செய்ய ஏலாதா, மிஸ்?"

"ஏலும் அண்ணா. பாலை றிஷானா எடுத்துத் தாறா. நீங்கள் குளிச்சிட்டு வந்து பிள்ளையை வெறும் நெஞ்சில வெச்சுக்கொண்டு இருங்கோ. ஆனா கதை குறைவா இருக்கோணும்."

பக்கத்தில் இருந்த றிஷானா சிரித்துவிட்டாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஸாஜித் அமர்ந்தான். பூனைக்குட்டியைவிடப் பாரமில்லாத ஒன்று நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. மூக்கு அரித்தது, சொறியவில்லை. கழுத்துப் பிடித்துக்கொண்டது, அசையவில்லை. தும்மல் வந்ததை எப்படி விழுங்கினான் என்பது அவனுக்கே தெரியாது. நாள்தோறும் அப்படியே இருந்தான். வீட்டிலிருந்த மாத்திரைப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினான்.

மெல்ல மெல்லக் குழாய் கழன்றது. கண் வைத்தியர் வந்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்து, கண் நல்லாயிருக்கிறது என்றார். ஸாஜித் கண்ணைத் துடைத்தான்.

"பிள்ளைட கண் மருந்து எனக்கும் பட்டிட்டு," என்றான். றிஷானா நம்பவில்லை.

வீட்டுக்குப் போகும்போது ஓட்டோக்காரரிடம், "மெல்லமாப் போங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கிண்ணியாப் பாலத்தில் மீன் பெட்டி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் அவர்களை முந்திப் போனார். போகும்போது, ஓட்டோவுக்கு என்ன பழுது என்று எட்டிப் பார்த்தார்.