மச்சானின் முதுகுக்குப் பின்னால்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன் நான். இன்று இந்தப் பக்கத்தில் எந்த மோட்டார் புகைந்தாலும் அது முதலில் என் வைண்டிங் பட்டறைக்குத்தான் வரும். ஓடுகிற மின்சாரத்தில் கை வைத்திருக்கிறேன். கூரையிலிருந்து விழுந்து, எழுந்து, மிச்ச வேலையை முடித்துவிட்டுத்தான் வைத்தியரிடம் போயிருக்கிறேன். ஆள் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தவனைத் தனியாக நின்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவனைத் தொடை நடுங்க வைத்தது என் மச்சான் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி. அதைச் சொல்வதற்கு முன் மச்சானைச் சொல்ல வேண்டும்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். தெருவுக்கெல்லாம் அவர் ‘சம்மட்டி’. எண்ணெய்த் தொட்டி செய்யும் பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். தொட்டிக்கு உள்ளே குந்திக்கொண்டு, தகடுகளை இணைக்கும் ஆணியின் கொண்டையை இவர் தாங்கிப் பிடிப்பார். வெளியே நின்று மற்றவர்கள் அடிப்பார்கள். பெரிய மணிக்குள் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது மாதிரி. அப்புறம் காது எங்கே இருக்கும்? கேட்டால், “ரெண்டு காதையும் முதலாளிகிட்ட குடுத்துட்டு வந்துட்டேன் மாப்ளே, பத்திரமா வெச்சிருப்பார்” என்று சிரிப்பார். முகத்துக்கு நேரே நின்று நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் சுவரோடு பேசுவதும் அதுவும் ஒன்றுதான்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மச்சான் தனிக்கட்டை. மகள் அடுத்த ஊரில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவர் வீடும் என் வீடும் முதுகோடு முதுகு, நடுவில் ஒரு சந்து. முன்வாசலில் தட்டினால் அவருக்குக் கேட்காது என்பதால் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். சமையலறைக் கதவை எங்கள் சாவியால் திறந்து, பின்பக்கமாகப் போய், அவர் தோளில் கை வைப்போம். கை விழுந்த கனத்திலேயே ஆளைச் சொல்லிவிடுவார்.

“வாங்க மாப்ளே. கையில கிரீஸ் இருக்கும், சட்டையில தடவிடாதீங்க.”

அந்தக் கைதான் அவருக்கு அழைப்பு மணி.

மச்சானுக்குக் குடி கிடையாது, புகை கிடையாது. தொடர் பார்ப்பதுதான் அவருக்கிருந்த ஒரே பித்து. மாமியாரும் மருமகளும் மூக்கைச் சிந்துகிற தொடர். அந்த மீசைக்கும் அந்தத் தொடருக்கும் ஏழாம் பொருத்தம். சத்தத்தை முழுசாகத் திருகி வைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். அவர் வீட்டை ஒட்டினாற்போல் இருக்கும் தையற்காரர் ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“பெரியவரே, அந்தப் பொண்ணு அழுற அழுகையில எனக்குக் கை உதறுது. நேத்து ஒரு சட்டைக்கு ரெண்டு கையும் ஒரே பக்கம் வெச்சுத் தெச்சுட்டேன்.”

இவ்வளவு சத்தம் வைத்தும் மச்சானுக்கு வார்த்தை பிடிபடாது. “வாய் அசையுது, இரைச்சல் வருது, பேச்சு வரமாட்டேங்குது மாப்ளே” என்பார். மறுநாள் என்னைப் பிடித்து, மருமகள் ஏன் வீட்டைவிட்டுப் போனாள் என்று கேட்பார். நான் எங்கே அதையெல்லாம் பார்த்தேன்? வாய்க்கு வந்ததை அடித்துவிடுவேன். ஒரு தடவை வக்கீல் செத்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே வக்கீல் கல்லுப்பிள்ளையார் மாதிரி வந்து நின்று கல்யாணம் பேசினாராம். அதற்கப்புறம் என் கதையை அவர் நம்புவதில்லை.

இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று கடைக்குப் போய், காதை முழுக்க மூடுகிற, வயர் இல்லாத ஹெட்போன் வாங்கி வந்தேன். கடைக்காரர் ஏதோ புத்தகத்தை நீட்டினார். எனக்கெதற்குப் புத்தகம்? நானே பெட்டியில் மாட்டி, நானே சத்தத்தைச் சரிசெய்து, மச்சான் தலையில் கிரீடம் மாதிரி வைத்தேன். அதைத் தொட்டுப் பார்க்கப் போன அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

“மழை பெய்யுது மாப்ளே” என்றார். தொடரில்தான் மழை. “அந்தம்மா வளையல் சத்தம் கூடக் கேக்குது.”

தையற்காரர் எனக்குக் கை கொடுத்தார். நானும் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சில நாள் கழித்து மச்சான் கேட்டார்: “வரும்போது பின்கதவைப் பூட்டினீங்களா?”

பூட்டினேன் என்றேன். எழுந்து போய்த் தானே பார்த்துவிட்டு வந்தார். அடுத்த தடவை போனபோது பார்வை பெட்டியில் நிற்கவில்லை. நொடிக்கொரு தரம் தோளுக்கு மேலே திரும்பினார்.

“என்ன மச்சான்?”

“யாரோ நடக்குறாங்க.”

“எங்க?”

“எனக்குப் பின்னாடி.”

பார்த்தேன். கட்டிலுக்கு அடியில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், பரணில், எல்லா இடத்திலும் தேடினேன். ஒரு எலி கூட இல்லை. ஆனாலும் அவர் அதைச் சொன்ன விதம் மனதை விட்டுப் போகவில்லை. சத்தம் போடாமல், பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்டுவிடுமோ என்பது போலச் சொன்னார். என் மனைவியிடம் சொன்னபோது கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“எங்க அண்ணனுக்குப் புத்தி தடுமாறுதாங்க?”

“வயசு. வேற ஒண்ணும் இல்ல.”

“வயசானா வீட்டுக்குள்ள ஆள் நடக்குமா?”

என்னிடம் சொல்லாமல் அண்ணன் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள். மகள் என்னைக் கூப்பிட்டாள். ஆத்திரமோ அழுகையோ இல்லை, எல்லாவற்றையும் முடிவு பண்ணிவிட்ட குரல்.

“அப்பா இனிமே தனியா இருக்கக் கூடாது மாமா. என் வீட்லயும் பகல்ல ஆள் இல்ல. முதியோர் இல்லத்துல இடம் சொல்லி வெச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்.”

அந்த இல்லத்தை எனக்குத் தெரியும். மின்விசிறி மோட்டாரெல்லாம் என்னிடம்தான் வரும். வரிசையாகக் கட்டில். கூடத்தில் ஒரே ஒரு பெட்டி, உயரத்தில், யாருக்கும் கேட்காமல் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அங்கே போய் மச்சான் எப்படி இருப்பார்? ஆனால் அவளிடம் வாதாட எனக்கு என்ன பலம்? ஆள் நடக்கிறது என்று சொல்கிறவர் தெளிவாகத்தான் இருக்கிறார் என்று எந்த வாயால் சொல்வேன்?

சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு போனேன். மச்சான் நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஹெட்போன் போட்டிருந்தார். பெட்டியில் ஏதோ இருட்டான காட்சி. நான் கையைத் தோளில் வைத்தேன்.

அடுத்து நடந்தது எனக்கே முழுசாக நினைவில்லை. அவர் மடியிலிருந்து ஏதோ ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. என் காதோரத்தில் சுவர் வெடித்தது. காரை என் தலையிலும் தோளிலும் கொட்டியது. அவர் கையில் சுத்தியல். பட்டறைச் சுத்தியல். மறுபடி ஓங்கிவிட்டார். கண்ணில் என்னைத் தெரிந்த அடையாளமே இல்லை. மச்சான் மச்சான் என்று கத்துகிறேன், அந்த ஹெட்போனுக்குள் அது எப்படிப் போகும்?

பிறகு என் முகம் அவருக்குப் புரிந்தது. சுத்தியலைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“மண்டையைப் பொளந்திருப்பேனே மாப்ளே… என் தங்கச்சிக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்…”

அந்த மலை போன்ற உடம்பு நடுங்கியது. நானும் நடுங்கினேன், ஒளிப்பானேன். வீட்டுக்கு வந்தேன். சும்மா திறந்து கிடக்கும் என் பின்கதவுக்கு அன்று தாழ்ப்பாள் போட்டேன். என் மச்சானுக்குப் பயந்து. மனைவி என் தலையிலிருந்த காரையைத் தட்டிவிட்டாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கேட்காமல் அழுதாள்.

ஞாயிறு காலை, மகள் வருவதற்கு முன்பே போனேன். இந்தத் தடவை முன்பக்கமாக. ஜன்னலில் நின்று, அவர் பார்க்கிற வரைக்கும் கையை ஆட்டினேன். கதவைத் திறந்தார். கொடியிலிருந்த சட்டைகளை எடுத்து மடித்து வைத்திருந்தார்.

“போகமாட்டேன்னு சொல்ல மாட்டேன் மாப்ளே. எனக்கே என்னைப் பாத்தா பயமா இருக்கு” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, நேற்றைய தொடரைத் திரும்பப் போட்டிருந்தார்கள். இனி இந்த ஹெட்போன் யாருக்கு என்று எடுத்துத் தலையில் மாட்டிப் பார்த்தேன். சத்தம் காதை அறைந்தது, கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் கதவு கிறீச்சிட்டது.

திரும்பினேன். சமையலறைக் கதவு தாழிட்டபடியே இருந்தது. மறுபடி பெட்டியைப் பார்த்தேன். காலடி. மெதுவாக, ஒவ்வொன்றாக, என் பிடரிக்குப் பக்கத்தில். பிறகு மூச்சு. சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பில் இருந்த ஒவ்வொரு மயிரும் எழுந்து நின்றது. நாற்காலியோடு சேர்ந்து எழுந்துவிட்டேன். ஹெட்போனைப் பிடுங்கினேன். வீடு நிசப்தம், குளியலறையில் தண்ணீர் விழுகிறது, அவ்வளவுதான். பெட்டியில் ஒருவன் இருட்டு நடையில் பதுங்கிப் பதுங்கிப் போய்க்கொண்டிருந்தான்.

போட்டேன். பின்னால் நடந்தான். கழற்றினேன். பெட்டியில் நடந்தான்.

பயம் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் விளங்கிவிட்டது. பெட்டிச் சத்தம் பெட்டியிலிருந்து வந்தால் அது கதை. இந்தச் சாமான் அதைப் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கிறது. நமக்குக் காது பழகியிருக்கிறது, உதறிவிடுவோம். வருஷக்கணக்காகக் காலடி என்ற ஒன்றையே கேட்காத மனுஷனுக்கு, கேட்கிற காலடியெல்லாம் நிஜக் காலடிதானே? போதாததற்கு, உண்மையாகவே பின்பக்கமாக வந்து தோளைத் தொடுகிறவர்கள் நாங்கள்.

துண்டோடு வந்த மச்சானை நேரே நிறுத்திக் கேட்டேன். “இவ்வளவு பயந்துக்கிட்டு, சுத்தியலை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, இதைக் கழட்டித் தொலைக்க வேண்டியதுதானே?”

அவர் என்னை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“கழட்டினா கதை கேக்காதே மாப்ளே.”

மகள் வந்தாள், கூடவே என் மனைவியும். நான் சொன்னதை மகள் பொறுமையாகக் கேட்டாள்.

“நீங்க அப்பாவை விட்டுக்குடுக்க மாட்டீங்க, தெரியும் மாமா. அத்தை எல்லாம் சொன்னாங்க. சுவத்தையும் இப்பப் பாத்தேன். அது உங்க தலையா இருந்திருந்தா?”

 அவள் சொல்வதில் தப்பு இல்லை. மச்சான் எங்கள் இரண்டு பேர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இருக்கப்போவதும் போகப்போவதும் அங்கே தீர்மானமாகிறது என்று அவருக்குத் தெரியும்.

“நான் படிக்காதவன்மா” என்றேன். “விளக்கத் தெரியாது. நீ உக்காரு. அந்த நாற்காலியில, அப்பா உக்காருற மாதிரி.”

சலிப்போடுதான் உட்கார்ந்தாள். ஹெட்போனை நானே மாட்டினேன். ஓடியதைப் பின்னுக்குத் தள்ளும் ரிமோட் பொத்தானை அழுத்தி, நான் ஏற்கெனவே பார்த்த காட்சியைத் திரும்ப வரவைத்தேன். பாட்டு வந்தது, பேச்சு வந்தது, அவள் மணியைப் பார்த்தாள். இது பலிக்காவிட்டால் சட்டைகள் பைக்குள் போய்விடும்.

இருட்டு நடை வந்தது. அவள் தோள் இறுகியது. சட்டென்று திரும்பினாள். நாங்கள் எல்லாரும் அவளுக்கு முன்னால்தான் நிற்கிறோம். சமையலறைக் கதவையே கண்கொட்டாமல் பார்த்தாள். மெல்ல ஹெட்போனைக் கழற்றினாள். முகத்தில் ரத்தம் இல்லை.

“ஏம்ப்பா இதைச் சொல்லல?” என்றாள், அப்பாவின் கண்ணுக்கு நேரே.

“சொன்னேனேம்மா. யாரோ நடக்குறாங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேனே.”

அவள் எழுந்தாள். அந்தக் கனமான நாற்காலியை, நான் கை கொடுக்கப் போனதையும் தடுத்துவிட்டு, தானே இழுத்துச் சுவரோடு சேர்த்துத் தள்ளினாள். பெட்டியை அதற்கு நேரே திருப்பினாள். இப்போது உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் சுவர். இரண்டு கதவும் கண்ணுக்குத் தெரியும்.

“உக்காருங்கப்பா.”

உட்கார்ந்தார். ஹெட்போனைப் போட்டு, சத்தத்தை அவருக்குக் கேட்கும் அளவுக்கு ஏற்றினேன். அதே காட்சியை மறுபடி ஓடவிட்டேன். காலடி வந்திருக்க வேண்டும். மச்சானின் கை மடியில் சுத்தியலைத் தேடியது. அது அங்கே இல்லை. தலையைப் பின்னால் சாய்த்தார், சுவர் இடித்தது. ஒரு கதவைப் பார்த்தார், மூடியிருந்தது. மற்றதைப் பார்த்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு அவர் கண் பெட்டிக்குத் திரும்பியது.

“இவன்தானா?” என்றார்.

மகள் சட்டைகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். சுத்தியலை மட்டும் தன் பையில் போட்டுக்கொண்டாள். “ஒவ்வொரு ஞாயிறும் வந்து பாப்பேன் மாமா. இன்னொரு தடவை இப்படி நடந்தா யார் சொன்னாலும் கேக்க மாட்டேன்” என்றாள். நியாயமான பேச்சு. ஒத்துக்கொண்டேன்.

பின்கதவுச் சாவியை மச்சானிடமே கொடுத்துவிட்டோம். முன்வாசலில் ஒரு சுவிட்ச் வைத்து, பெட்டிக்கு மேலே சிவப்பு பல்பு போட்டேன். அழுத்தினால் எரியும், அவர் ஜன்னலைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறப்பார். இது என் சொந்த வேலை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன், காரை பெயர்ந்த அந்தச் சுவரைத் தாண்டும்போது இன்றும் என் பிடரி குறுகுறுக்கிறது. உள்ளே போனதும் அவர் கையில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். பிறகு பெட்டிக்கு முன்னால், நன்றாகத் தெரிகிற மாதிரி, கையை விரித்துக்கொண்டு நிற்பேன்.

“தள்ளுங்க மாப்ளே” என்பார் மச்சான். “மறைக்குது.”