லொமேக் கரையில் ஒரு பிடி சூடை

லொமேக்கு முதன்முறை போகிறவர்கள் அங்கே கடலில் குளிக்க இறங்க வேண்டாம். டோகோ நாட்டின் தலைநகரமான அது கடலை ஒட்டியே நீண்டு கிடக்கிறது. தென்னைகளும் மணலும் எங்கள் முல்லைத்தீவுக் கரையைப் போலத்தான். ஆனால் அலை கரைக்கு வந்த பிறகே எழுந்து விழும். திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும்.

இது போவதற்கு முன்பே எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவிடம், ஊரில் கரைவலை இழுத்த அவர் கணவர் தொலைபேசியில் சொன்னது. போர் முடிந்தபின், கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் அவரை அந்த நகரத்தில் விட்டுவிட்டுப் போனான். சில மாதங்கள் பேசினார். பிறகு பேச்சில்லை. அவர் சொன்னவற்றை அக்கா வேலிக்கு மேலால் திரும்பத் திரும்பச் சொன்னதில் லொமேத் தெருக்கள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன.

கடைசியாகப் பேசும்போது, "பசியில்லை. இஞ்சையும் கரைவலை இழுக்கினம். கயித்தில கை வைச்சால் சூடை மீன் தருவினம்" என்றாராம். அவருடன் போய்த் திரும்பி வந்த ஒருவர், எல்லோரையும் ஓர் அறைக்குள் பூட்டி வைத்திருந்ததாகச் சொன்னார். அவர் இறந்துவிட்டாரென்று வைத்து அந்திரட்டிச் சடங்கைச் செய்யச் சொல்லி உறவினர்கள் அக்காவை நெருக்கத் தொடங்கினார்கள்.

என் தங்கையின் கணவர் லொமேயில் அரிசிக் கம்பனியொன்றில் கணக்காளர். அவர்களிடம் புறப்பட்டபோது அக்கா வேலியடிக்கு வந்தார்.

"தம்பி, அந்த மீன் கதை உண்மையோ எண்டு மட்டும் பாத்திட்டு வாங்கோ. பொய்யெண்டால் மனுசன் பட்டினியில கிடந்துதான் அப்பிடிச் சொல்லியிருக்கு. ஆடி அமாவாசையோட அந்திரட்டியைச் செய்விச்சிடுவன். உண்மையெண்டால் பாத்துக்கொண்டிருப்பன்."

லொமேயில் மோட்டார் சைக்கிள்தான் வாடகை வண்டி. ஏறுமுன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். துணி வாங்கப் பெரிய சந்தைக்குப் போகலாம். மேற்கே போனால் நகரம் முடியும் இடத்திலேயே கானா நாட்டின் எல்லை வாசல். சந்தைப் பக்கம் நடந்தபோது, "இதில திரும்பினால் ரெண்டு கோபுரத்தோட ஒரு தேவாலயம் வரும்" என்றேன். வந்தது.

தங்கையின் கணவர் நின்று என்னைப் பார்த்தார். "மச்சான், முந்தி இஞ்ச வந்தனீங்களோ?"

மறுநாள் காலை கடற்கரையில் இரண்டு வரிசை ஆட்கள் பாடிக்கொண்டு கரைவலை இழுத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்க்காமலே தள்ளி நின்று இடம் விட்டார்.

"வீட்டில ஒரு வாளி தண்ணி தூக்காத ஆள்" என்று மச்சான் பின்னாலிருந்து சிரித்தார்.

வலை கரையேறியதும் எனக்கும் ஒரு பையில் மீன் தந்தார்கள். சூடை. என்னைப் போன்ற ஒருவர் முன்பு இங்கே வலை இழுத்தாரா என்று மச்சானைக் கொண்டு பிரெஞ்சில் கேட்பித்தேன். எத்தனையோ பேர் வந்து இழுக்கிறார்கள், கயிற்றைப் பார்ப்பதா முகத்தைப் பார்ப்பதா என்றார் இடம் விட்டவர்.

ஊர் திரும்பியதும் அக்காவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவரை யாரும் கண்டதாகச் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன்.

"சூடையோ?"

"ஓம் அக்கா."

ஆடி அமாவாசையன்று ஊரே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்கா போகவில்லை. உறவினர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் அவர் தனியே இருந்தார். நான் கடற்கரைக்குப் புறப்படும்போது வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"திரும்பிப் பாக்காமலே இடம் விட்டவர் எண்டு சொன்னனீங்கள் என்ன?"

"ஓம்."

"அப்ப எங்கட ஆள் ஒண்டு அதில நிண்டு அவையளுக்குப் பழக்கம் போல."

நான் கடலை நோக்கி நடந்தேன். எங்கள் கரையிலும் கயிற்றில் யார் வந்து கை வைத்தாலும் அப்படித்தான் இடம் விடுவார்கள். வலைக்காரன் மனைவியான அக்காவுக்கும் அது தெரியும்.