ஹெலிகொப்டரை இறக்கச் சொன்னவர்

எழுபதுகளில் ஒருநாள் ரம்புக்கனையில் கண்டி ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறினேன். ரயில் மலையேறத் தொடங்கியதும், எதிரே இருந்த ஒல்லியான யாழ்ப்பாணத்துக்காரர் ஜன்னல் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்க பாக்குறீங்க?" என்றேன்.

"நடுக்கம் எப்பிடியெண்டு பாக்கிறன். தொழில் பழக்கம், தம்பி" என்று சிரித்தார்.

அமெரிக்காவில் புதுவகை ஹெலிகொப்டர் ஒன்றைப் பறக்கவிட்டுச் சோதிக்கும் குழுவில் இருந்தாராம். மேலே விசிறி தூக்க, பக்கத்தில் பூட்டிய ஜெட் எஞ்சின் தள்ள, எந்த ஹெலிகொப்டரும் போகாத வேகத்தில் அது போக வேண்டும். விமானிக்குப் பக்கத்தில் இருந்து கருவிகளைக் கவனிப்பது இவர் வேலை.

"குறிச்ச வேகத்துக்குக் கொஞ்சந்தான் மிச்சம். நான் இருந்த சீற் நடுங்கின விதம் எனக்குப் பிடிக்கேல்லை. 'போதும், இறக்கு' எண்டிட்டன். கீழ வந்து கழட்டிப் பாத்தா ஒரு பிழையும் இல்லை. ஒருத்தரும் என்னோட கதைக்கேல்லை."

"வெக்கமா போயிருக்குமே?"

"வெக்கந்தான். ஆனா உயிரோட இருந்து வெக்கப்படுறது நல்ல சுகம், தம்பி. அண்டைக்கு இரவுச் சாப்பாட்டை ரெண்டு தரம் சாப்பிட்டன்."

"அப்புறம்?"

"அடுத்த கிழமை அதே சீற்றில இருந்து அந்த வேகத்தைத் தாண்டினம். விமானி கத்தினான். நான் அவனைவிடக் கத்தினன்!"

எப்படியென்று அங்கேயே உரக்கக் கத்திக் காட்டினார். பெட்டியே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

ருவான்வெல்லையில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. "ஹெலிகொப்டர்ல பறந்தவரு மூணாம் வகுப்புலயா வருவாரு? நல்லா கதை விட்டிருக்காரு" என்றார்கள்.

நான் இன்றைக்கும் நம்புகிறேன். கதை விடுகிறவர், தான் பயந்து இறக்கச் சொன்னதை ஏன் முதலில் சொல்லப்போகிறார்?