மாமா விற்ற காற்று

என் அக்கா புருஷன் சரியான பிடிவாதக்காரர். கைநடுக்கம் வந்து லேத் பட்டறையை மூடிய பிறகும், வேலை கேட்டு யார் வாசலிலும் நிற்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். பட்டறையை விற்ற காசில் மொட்டை மாடியில் ஒரு சின்னக் காற்றாலையை நட்டார். வீட்டுக்குப் போக மிச்ச மின்சாரத்தை லைனில் விற்று, அதில் இரண்டு பேரும் காலம் தள்ளுவதாகத் திட்டம். தெருவில் அவருக்குக் 'காத்தாடி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கும் சிரித்தார், பாவி மனுஷன்.

மின்சார ஆபீஸில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள். வருவதையும் போவதையும் தனித்தனியாகக் கணக்கிடும் புது மீட்டரை அவர்கள் வந்து மாட்டுவார்கள். அதுவரை லைனில் இணைக்கக் கூடாது. நானும் படித்துப் படித்துச் சொன்னேன். காற்றுக் காலம் வந்துவிட்டது, மீட்டர்தான் வரவில்லை.

"அவங்க வர்றதுக்குள்ள காத்து நின்னுடும் மாப்ள. யூனிட் ஏறட்டும், அப்புறம் கணக்குப் பண்ணிக்கலாம்," என்று தானே இணைத்துவிட்டார்.

பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. மீட்டருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "பாரு, எப்படி ஓடுது," என்பார். அக்கா ஃபேன் போட்டால் அணைத்துவிடுவார். விற்கிற சரக்காம்.

பில் வந்தது, எப்போதும் வருவதைவிடப் பல மடங்கு. அக்கா அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மாமாவை இழுத்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன்.

"இந்த மீட்டருக்குத் திசை தெரியாதுங்க," என்றார் இன்ஜினியர். "வெளிய போனாலும் நீங்க எடுத்ததாத்தான் ஏறும். நீங்க குடுத்ததுக்கெல்லாம் உங்களுக்கே பில் வந்திருக்கு."

"சரி பண்ணிக் குடுங்க சார்," என்றேன்.

"எப்படிங்க? அனுமதி இல்லாம இணைச்சிருக்கீங்க. லைனையே வெட்டணும். புது மீட்டரும் இனிமே கிடைக்காது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மாமாவை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டேன்.

மறுநாளே லைனை வெட்டினார்கள். மாடியில் நல்ல காற்று, இறக்கை சுற்றுகிறது, கீழே வீடு இருட்டு. லைனில் மின்சாரம் இருந்தால்தான் அந்த இயந்திரமும் மின்சாரம் கொடுக்குமாம். விற்கலாம் என்றால் பழைய இரும்பு விலைக்குக் கேட்கிறார்கள்.

ஒரு சாயங்காலம் என் பாத்திரக் கடைக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"மாப்ள, கடையில எனக்கு ஏதாவது வேலை இருக்குமா? கூட்டிப் பெருக்குறதுன்னாலும் சரி."

வியாபாரம் படுத்து, இருந்த ஒரே ஆளையும் அப்போதுதான் நிறுத்தியிருந்தேன். "பாக்கலாம் மாமா," என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. தலையாட்டினார்.

"நான் கேட்டேன்னு உங்க அக்காகிட்ட சொல்லிடாத," என்றுவிட்டுப் படியிறங்கினார்.